ஜீப்பின் அடிவயிற்றில் ஒரு தேன்கூடு

மலைநாட்டு மார்கழி இரவு எத்தகையது என்பதை இங்குள்ளோருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கொழும்பிலும் மட்டக்களப்பிலும் இருந்து இப்பகுதியைப் படிக்கும் அன்பர்களுக்காக ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவைப்போம். வண்டிக் கண்ணாடியைத் திறந்தால் முகத்தில் ஊசி குத்தும். மூடினால் கண்ணாடி பூத்துப்போய்ப் பாதை மறையும். அத்தகைய இரவொன்றில், இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள எமது விடுதிக் கதவை யாரோ தட்டினார்கள். பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து ஒரு தகப்பனார் வந்து நின்றார்.

“மாஸ்டர், மகளுக்கு வலி எடுத்திருச்சு. நுவரெலியாவுக்குக் கொண்டு போகணும். ஜீப்பை எடுப்பீங்களா?”

எடுத்தோம். தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறக்குறைய 2,000 அடி ஏற்றம். லிந்துலையைத் தாண்டிய சிறிது நேரத்தில் வண்டி மூச்சுத் திணறத் தொடங்கியது. மூன்றாம் கியர் போய் இரண்டாம் கியர், இரண்டு போய் முதலாம் கியர். மிதியை அடியோடு அழுத்தியும் வண்டி நடக்கும் மனிதனின் வேகத்தைத் தாண்டவில்லை. பின் ஆசனத்தில் அந்தப் பெண்ணின் முனகல். அவள் தாயின் பிரார்த்தனை. இறங்கிக் குனிந்து பார்த்தபோது வண்டியின் அடியில் ஒரு தகரப் பேழை, கொல்லன் உலையில் காய்ந்த இரும்பைப் போலச் சிவந்து ஒளிர்ந்துகொண்டிருந்தது. நல்லவேளையாக ஒரு முச்சக்கர வண்டி பின்னால் வந்தது. அதில் ஏற்றி அனுப்பினோம். விடிவதற்குள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம் என்ற செய்தியும் வந்தது. ஆனால் அந்த முச்சக்கர வண்டி வந்திராவிட்டால் என்ற எண்ணம் எம்மை நெடுநாள் உறங்கவிடவில்லை.

சிவந்து கிடந்த அந்தப் பேழைதான் இக்கட்டுரையின் விஷயம். கராஜ்களில் அதனைக் கட்டலிட்டிக் கன்வேட்டர் என்பர். எமது கல்லூரியில் இரசாயனம் கற்பிக்கும் நண்பர் ஊக்கி மாற்றி என்று சொல்லிக் கொடுத்தார். நாம் சரித்திர ஆசிரியர். எந்திரம் எமக்குப் பரம்பரைச் சொத்தன்று. பட்டுத் தெரிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறோம்.

பதினெட்டு வயதான ஜப்பானிய ஜீப்பை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். 2020 மார்ச் முதல் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் தனியார் வாகன இறக்குமதி இந்நாட்டில் நிறுத்தப்பட்டிருந்தது. 2025-இல் வாசல் திறந்தது. வரியைக் கேட்ட ஆசிரியர்கள் வாசலிலிருந்தே திரும்பினர். ஆகவே இருப்பதை ஓட்டுவதே எம்போன்றோரின் விதி. தோட்டப் பாதைகளுக்கு ஜீப்பைத் தவிர வேறு வண்டி சரிவருவதுமில்லை.

சரித்திரத்திலிருந்தே தொடங்குவோம். பிரான்சிலே 1892-இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய யூஜின் ஹூட்ரி என்பவர், ஊக்கியைக் கொண்டு கச்சா எண்ணெயிலிருந்து உயர்தரப் பெட்ரோல் எடுக்கும் முறையைக் கண்டவர். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்கள் பறந்ததில் அவருக்கும் பங்குண்டு. பெட்ரோலைப் பெருக்கித் தந்த அதே மனிதர், பின்னர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டத்தைக் கண்டு மனம் வருந்தி, வாகனப் புகையைச் சுத்திகரிக்கும் கருவியை வடிக்க முற்பட்டார். 1956-இல் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். ஆனால் அக்காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. எஞ்சினில் ‘நொக்கிங்’ சத்தம் எழாதிருக்க 1921-இல் தோமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த உபாயம் அது. அந்த ஈயம் ஊக்கியின் மேற்பரப்பை மூடிக் கொன்றுவிட்டது. தமது கருவி பயன்படுவதைக் காணாமலே 1962-இல் ஹூட்ரி காலமானார். அமெரிக்காவிலே ஈயமற்ற பெட்ரோலுடன் 1975-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில்தான் இக்கருவி பரவலாக ஏறியது. இலங்கையில் ஈயப் பெட்ரோல் நின்றது 2002-ஆம் ஆண்டில். அதற்கு முன் இங்கு வந்து ஈயப் பெட்ரோலைக் குடித்த ஜப்பானிய வண்டிகளில் எத்தனை ஊக்கிகள் யாருமறியாமல் மாண்டனவோ!

இனி அந்தப் பேழையின் உள்ளே என்ன இருக்கிறது? ஒரு தேன்கூடு. பீங்கானால் செய்த கூடு. ஒரு சதுர அங்குலத்தில் ஏறக்குறைய 400 கண்ணறைகள். கடதாசியைப் போன்ற மெல்லிய சுவர்கள். அச்சுவர்களின் மேல் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் தூவிப் பூசப்பட்டிருக்கும். எல்லாம் சேர்ந்து சில கிராம் மட்டுமே. எஞ்சினிலிருந்து வரும் புகை இக்கண்ணறைகளுக்குள் புகுந்து வெளிவருகையில், நஞ்சான காபனோரொட்சைட்டு காபனீரொட்சைட்டாகிறது. எரியாத ஐதரோகாபன் நீராவியும் காபனீரொட்சைட்டுமாகிறது. நைதரசன் ஒட்சைட்டுகள் மீண்டும் சாதாரண நைதரசனாகின்றன. இத்தனையையும் செய்துவிட்டு ஊக்கி தான் மாறாமல் இருக்கும். “கலியாணத் தரகர் மாதிரி” என்றார் எமது இரசாயன நண்பர், “பத்துப் பேருக்கு முடிச்சுப் போடுவார், தாம் மட்டும் பிரம்மச்சாரி.”

மாறாதது ஏன் சாகவேண்டும்? இதுவே நாம் காலந்தாழ்த்திக் கேட்ட கேள்வி. முறையாகப் பேணப்படும் வண்டியில் இப்பேழை வண்டியின் ஆயுட்காலம் முழுவதும் உழைக்கக்கூடியது. அமெரிக்கச் சட்டம் உற்பத்தியாளர்களிடம் 8 ஆண்டுகள் அல்லது 80,000 மைல் பிணை கேட்கிறது. எமது ஜீப்போடு பிறந்த பேழை வயதாகி ஓய்ந்ததை நாம் குறைகூறவில்லை. அதை மாற்றி வைத்த புதுப்பேழை பதினான்கே மாதங்களில் லிந்துலை ஏற்றத்தில் சிவந்து அடைத்துக்கொண்டதே, அதுதான் அகால மரணம்.

முதற்பேழை போனபோதே டாஷ்போட்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கராஜில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, பீ-0420 என்றார்கள். ஊக்கியின் திறன் குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். கூடவே பீ-0300 என்று இன்னொன்றும் வந்தது. எஞ்சின் இடையிடையே தீப்பிடிக்கத் தவறுகிறது என்பது அதன் பொருளாம். முதலாவதற்குப் பேழையை மாற்றினோம். இரண்டாவதை அழித்துவிட்டார்கள், நாமும் மறந்துவிட்டோம். ஏற்றத்தில் இழுவை குறைந்தபோது, ‘மலையில் காற்று ஐதானது, எந்த வண்டியும் திணறத்தான் செய்யும்’ என்று எமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அதில் பாதி உண்மையும் உண்டு. நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். அங்கு காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். எஞ்சினின் வலுவும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறையும். பாதி உண்மை மீதிப் பொய்யை நன்றாக மறைத்துவிட்டது.

அந்த மார்கழி இரவுக்குப் பின் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் ஓர் இளைஞர் மிகச் சுலபமான வழி சொன்னார். “எதுக்கு மாஸ்டர் காசைக் கொட்டுறீங்க? உள்ள இருக்கிறதை உடைச்சு எடுத்துட்டு வெல்டிங் வச்சுத் தாறேன். வண்டி பறக்கும்.” உடைத்த துண்டுகளுக்கு விலைகொடுத்து வாங்குவோரும் உண்டு என்றார். அது மெய்தான். 2021-இல் உலகச் சந்தையில் ரோடியம் அவுன்ஸ் ஒன்று 25,000 அமெரிக்க டொலரையும் தாண்டியது. பல நாடுகளில் நிறுத்தியிருந்த வண்டிகளிலிருந்தே கள்வர் இப்பேழையை அறுத்தெடுத்துப் போயினர். புகைப் பரிசோதனைக்கு என்ன செய்வது என்று கேட்டோம். அன்றைக்கு மட்டும் வேறொன்றை இரவலாகப் பூட்டலாம் என்றார்.

வாசகரிடம் ஒளிப்பானேன்? சம்மதித்தோம். புதுப்பேழையின் விலை எமது இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கும். வண்டி உண்மையிலேயே பறந்தது. அந்த இளைஞரைப் போல ஒரு மேதாவி இல்லை என்று இரண்டு வாரம் புகழ்ந்துகொண்டு திரிந்தோம்.

அதன் பின் எமது துணைவியாருக்குத் தலைவலி தொடங்கியது. இளைய மகள், வயது ஏழு, நானுஓயாவைத் தாண்டுமுன் வாந்தி எடுப்பாள். ஹட்டன் பாதையின் வளைவுகளை அறிந்தோர் இதில் வியப்படைய மாட்டார்கள். எலுமிச்சம்பழம் முகரக் கொடுத்தோம், இஞ்சி கொடுத்தோம், மாத்திரையும் கொடுத்தோம். இரண்டு மாதம் இப்படிக் கழிந்த பின்னர் ஒரு நாள் துணைவியார் கேட்டார்:

“கண்ணாடியை இறக்கிட்டுப் போற அன்னைக்குப் பிள்ளைக்கு வாந்தி வாறதில்லையே, கவனிச்சீங்களா? வளைவு அன்னைக்கும் அதே வளைவுதானே?”

பட்டம் பெற்ற எமக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றிற்று. அன்று மாலையே வண்டியை முகப்பில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, அடியில் ஒரு சாம்பிராணிக் குச்சியைப் பிடித்துப் பார்த்தோம். வெட்டி ஒட்டிய வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு. அதற்கு நேர்மேலே பின்னாசனத்தின் தரை. பின்கதவின் இரப்பரும் பழுது. குளிருக்கு அஞ்சிக் கண்ணாடிகளை மூடிக்கொண்டு, சுத்திகரிக்கப்படாத காபனோரொட்சைட்டில் மனைவி மக்களை ஏற்றிச் சென்றிருக்கிறோம்! அவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ஒட்சிசன் குருதியைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலிமையோடு குருதியைப் பற்றிக்கொள்ளும் என்றார் இரசாயன நண்பர். காற்றே ஐதாயிருக்கும் மலையுச்சியில் அதன் தீங்கு இன்னும் கூடும். இதைக் கேட்ட அன்று எமக்குச் சோறு இறங்கவில்லை. அடைத்த கொட்டகைக்குள் வண்டியை நிறுத்தி, காலைக் குளிரில் எஞ்சினைச் சூடேற்றும் வழக்கமுள்ளோர் இந்த ஒரு பந்தியை மட்டுமாவது இரண்டு முறை படிக்க வேண்டுகிறோம். நல்ல ஊக்கி உள்ள வண்டியாயினும், எஞ்சின் குளிர்ந்திருக்கும் முதற்சில நிமிடங்களில் அது வேலை செய்வதில்லை. 250 அல்லது 300 பாகை சூடேறிய பிறகே விழித்தெழும்.

பிறகு போனது ஹட்டனில் ஒரு முதியவரிடம். இளமையில் தேயிலைத் தொழிற்சாலையின் எஞ்சின் அறையில் வேலை பழகியவர். எல்லோருக்கும் அவர் பாஸ். எமது கதையைப் பொறுமையாகக் கேட்டார். ஸ்கேனரைத் தொடுமுன் அவர் கேட்ட முதற்கேள்வி: “ஆயிரம் கிலோமீற்றருக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்குது மாஸ்டர்?”

நாம் விழித்தோம்.

“தெரியாதா? அப்ப மூணாவதையும் வாங்கிக் கொல்லப் போறீங்களா?”

அவர் கண்டுபிடித்தவற்றைச் சொல்கிறோம். இரண்டாம் சிலிண்டரின் பிளக் எண்ணெயும் கரியுமாகக் கறுத்திருந்தது. வால்வுகளின் இரப்பர் சீல்கள் காய்ந்து, எண்ணெய் உள்ளே கசிந்திருக்கிறது. எஞ்சின் எண்ணெயில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் பொருளில் துத்தநாகமும் பொசுபரசும் உண்டு. எண்ணெய் எரியும்போது அந்தப் பொசுபரசு கண்ணாடிப் பூச்சைப் போல ஊக்கியின் மேல் படிந்துவிடும். முன்பு ஈயம் செய்ததை இப்போது இது செய்கிறது.

இரண்டாவது குற்றவாளிதான் சுவையானது. மூன்றாம் சிலிண்டரின் இக்னிஷன் கொயிலில் ஒரு கீறல். வெயிலில், சமதரையில் அது யோக்கியன். மூடுபனி இறங்கி, ஈரம் ஏறி, ஏற்றத்தில் பாரமும் கூடியதும் மின்சாரம் பிளக்கை அடையாமல் கீறல் வழியே ஓடிவிடும். அப்போது அந்தச் சிலிண்டரின் பெட்ரோல் எரியாமலே புகைக்குழாய்க்குள் போகும். அங்கே சூடேறிய ஊக்கி காத்திருக்கிறது. பெட்ரோல் அதன் மடியில் எரியத் தொடங்குகிறது. பீங்கான் 1,400 பாகை வரை தாங்கும். அதற்கு மேல் உருகிக் கண்ணறைகள் அடைத்துக்கொள்ளும். புகைக்குப் போக வழியில்லை, எஞ்சினுக்கு மூச்சுவிட வழியில்லை. கொழும்பிலே சோதித்திருந்தால் இந்தக் கொயில் பத்து ஆண்டுக்கும் அகப்பட்டிராது. பாஸ் ஒரு போத்தலில் தண்ணீரை எடுத்துக் கொயில்களின் மேல் பனிபோலத் தூவினார். எஞ்சின் உடனே நொண்டியது. சாத்திரம் அவ்வளவுதான்.

அடைப்பைக் கண்டறியும் முறைகளையும் அவர் சொல்லித் தந்தார். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இரப்பர்ச் சுத்தியலால் பேழையை மெல்லத் தட்டினால், உடைந்த பீங்கான் கிலுகிலுப்பையைப் போல ஒலிக்கும். முன்பக்கத்து ஒட்சிசன் சென்சரைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் அழுத்தமானியைப் பூட்டிப் பார்ப்பது இன்னும் திடமான முறை. எஞ்சின் சும்மா ஓடுகையில் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய ஓர் இறாத்தலே காட்ட வேண்டும். 2,500 சுற்றில் மூன்று இறாத்தலைத் தாண்டினால் உள்ளே அடைப்பு. அழுகிய முட்டை நாற்றமும் ஓர் அறிகுறிதான். ஆனால் அதை மட்டும் நம்பி யாரும் பேழையை மாற்றிவிட வேண்டாம். பீ-0420 என்ற எண்ணை மட்டும் நம்பியும் மாற்ற வேண்டாம். புகைக்குழாயில் ஒரு சிறு வெடிப்போ, சோம்பிப்போன சென்சரோ கூட அந்த எண்ணை வரவழைக்கும்.

எமது பழக்கங்களும் விசாரணைக்குத் தப்பவில்லை. பற்றரி இறங்கிய காலையில் வண்டியைச் சரிவில் உருட்டிக் கியரில் போட்டு எழுப்புவது மலைநாட்டில் பிறந்த எவருக்கும் கைவந்த கலை. அப்படி எழுப்பும் ஒவ்வொரு முறையும் எரியாத பெட்ரோல் ஊக்கிக்குள் போகலாம். விடுதியிலிருந்து கல்லூரிக்கு ஒன்றரை மைல் ஓட்டி நிறுத்திவிடுகிறோம். ஊக்கி விழிக்குமுன்பே பிரயாணம் முடிந்துவிடுகிறது, கரியும் ஈரமும் உள்ளே தங்குகின்றன. மழைக்காலத்தில் தோட்டப் பாதையைக் குறுக்கறுத்து ஓடும் நீரில், ஏற்றம் ஏறிக் கொதிக்கும் வண்டியைச் சடாரென்று இறக்குகிறோம். சூடான பீங்கானில் குளிர்நீர் பட்டால் என்ன ஆகும் என்று எந்த இல்லத்தரசியைக் கேட்டாலும் சொல்வார். 2022-ஆம் ஆண்டு எரிபொருள் பஞ்சத்தில் கடைசிச் சொட்டு வரை ஓட்டி நடுவழியில் நின்றதும் நினைவுக்கு வந்தது. தாங்கி வற்றி எஞ்சின் விக்கும் அந்தச் சில நிமிடங்களிலும் தீ தவறும். மாசி, பங்குனி மாதங்களில் காய்ந்த பத்தனைப் புல்லின் மேல் ஓடிக் களைத்த வண்டியை நிறுத்தலாகாது என்பதை இத்துடன் ஊக்கிக்குச் சம்பந்தமில்லாமலே சேர்த்துச் சொன்னார் பாஸ்; பேழையின் சூட்டில் புல் பற்றிவிடும்.

அன்றே வெல்டிங் வெடிப்பை அடைத்தார். பின்கதவு இரப்பரை மாற்றினார். புதுப்பேழை பூட்டும்படி நாம் அவசரப்பட்டதை அவர் ஏற்கவில்லை. கொயில்கள், பிளக்குகள், வால்வு சீல்கள், முன்பக்கத்துச் சென்சர் முதலில். ஒரு மாதம் ஓட்டி எண்ணெய் குறையவில்லை என்று கண்ட பிறகே பேழை என்றார். அந்த ஒரு மாதமும் வீட்டார் பஸ்ஸில் போனார்கள். நாம் மட்டும் கண்ணாடியை இறக்கிவிட்டு, கம்பளிக் குல்லாயுடன் ஓட்டினோம். மாணவர்கள் சிரித்ததைக் கவனியாதவர் போல் இருந்தோம்.

பேழை வாங்கியது கொழும்பு பஞ்சிகாவத்தையில், ஜப்பானிலிருந்து வந்த பழைய உதிரிப் பாகங்களுக்குள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும் மலிவுப் பேழைகளில் விலையுயர்ந்த உலோகப் பூச்சு மிகக் குறைவாயிருக்கலாம் என்று பாஸ் எச்சரித்திருந்தார். பழையதை எப்படித் தெரிந்தெடுப்பது? வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் கண்ணறை கண்ணறையாகத் தெரியவேண்டும். குலுக்கினால் ஒலிக்கக் கூடாது. ஓரிடத்தில் கண்ணாடி போல மினுங்கினால் உருகியது. வெண்சாம்பல் படிந்திருந்தால் எண்ணெயோ எஞ்சின் தண்ணீரோ குடித்தது. நாம் பதினொரு பேழைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தபோது கடைக்காரர் எம்மை வைரம் பார்க்க வந்தவர் என்று எண்ணியிருக்கக்கூடும்.

இலங்கையில் 2008-இல் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனையில் தேறாமல் ஆண்டு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க இயலாது. இம்முறை பரிசோதனைக்கு யாரிடமும் இரவல் வாங்காமலே போனோம். காபனோரொட்சைட்டு, ஐதரோகாபன் இரண்டும் எல்லைக்கு வெகு கீழே நின்றன. இளையவள் இப்போது நானுஓயாவைத் தாண்டியும் வாய் ஓயாமல் பேசுகிறாள். அதற்கு மருந்து எந்தப் பாஸிடமும் கிடைக்கவில்லை. அன்றிரவு பிறந்த குழந்தைக்கு நடக்கக் கால் வந்துவிட்டது. அதன் பாட்டனார் எம்மைக் காணும்போதெல்லாம் ஜீப்பின் சுகத்தை விசாரிக்கத் தவறுவதில்லை.

ஞாயிறு காலைகளில் எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்த்து, சமையலறை நாட்காட்டியில் துணைவியார் குறித்து வைக்கிறார். பால் கணக்குக்கும் தண்ணீர்க் கட்டணத்துக்கும் இடையே ஒரு சிறு கோடு. சென்ற ஆறு வாரமும் கோடு அசையவில்லை. இன்று காலை அரை விரற்கடை இறங்கியிருக்கிறது. சனிக்கிழமை ஹட்டனுக்குப் போகவேண்டும்.